கூட்ஸ் வந்தால் எழுந்து நிற்பவள்

மெயில் வண்டி போனால் பெரியம்மா திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். கூட்ஸ் வந்தால் எழுந்து நிற்பாள். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, சம்பந்தி வீட்டார் வாசலில் வந்து இறங்கின மாதிரி ஒரு முகத்தோடு நின்று, "வாராருங்க" என்பாள். வண்டிக்குத்தான் இந்த 'ங்க'. எங்கள் பக்கத்தில் வேண்டாதவனை வைவதானாலும் மரியாதை குறையாமல்தான் வைவோம், அது வேறு. ஆனால் இரும்புச் சக்கரத்துக்கு மரியாதை கொடுத்த ஆளை அவளைத் தவிர நான் கண்டதில்லை.

என் அம்மாவுக்கு அக்கா முறை. பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் யாரையாவது விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அடுத்த வண்டியில், இல்லை, அடுத்த மாட்டு வண்டியில் நேரே வந்து என்னை நாலு கேள்வி கேட்பாள். எனக்கு அவ்வளவு தைரியம் கிடையாது.

நான் கோயம்புத்தூரில் இண்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்த காலம். ஹாஸ்டல் சாப்பாடு தொண்டையில் இறங்காத நாட்களில் பெரியம்மா தோட்டத்துக்கு ஓடிவிடுவேன். போத்தனூருக்குக் கிழக்கே, ரயில் பாதையை ஒட்டின தோட்டம். அந்த இடத்தில் பாதை மேடேறும். மெயில் மூச்சு வாங்கிக்கொண்டாவது ஓடிவிடும். கூட்ஸ் பாவம், பிள்ளைத்தாச்சி மாதிரி ஒவ்வொரு அடியாக வைத்து ஏறும். பெரியம்மாவுக்கு நின்று நிதானமாகப் பார்க்க அதைவிட என்ன வசதி வேண்டும்? பெரியப்பா காலமானதிலிருந்து பண்ணையத்தைத் தனியாகக் கட்டி ஆண்டவள், கூட்ஸ் சத்தம் கேட்டால் கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற கவலையைக்கூட நிறுத்தச் சொல்வாள். கவலை ஓட்டுகிற பழனிக்கு இதனால் கூட்ஸ் வண்டியின் மேல் தனியான பக்தி உண்டு. வடத்தைவிட்டு இறங்கி ஒரு வெற்றிலை போட நேரம் கிடைக்கும் அல்லவா.

அவள் பார்ப்பது வண்டியை அல்ல, உள்ளே இருக்கும் சரக்கை. அதாவது, கதவு சாத்தி, பூட்டி, அரக்கு சீல் வைத்த வேகனுக்குள் என்ன இருக்கிறது என்பதை.

"இது கடலை. இது உப்பு. இது சிமிட்டி. இது வெத்து."

"எப்படிங்க பெரியம்மா தெரியுது?"

"சத்தம் சொல்லுது, கண்ணு."

சத்தம் என்ன சொன்னது என்று சரிபார்க்க வழியே இல்லை. வண்டி மேடேறிப் போய்விடும். மறுபடி வந்து, 'நீங்கள் சொன்னது தப்பு' என்று எந்த வேகனும் சொன்னதில்லை. அதனால் பெரியம்மா சொன்னது எல்லாம் சரியாகவே இருந்து வந்தது.

வேகனோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மனிதர்களையும் அப்படியே நிறுத்துப் பார்ப்பாள். அவள் மகளைப் பெண் பார்க்க அவிநாசிப் பக்கமிருந்து ஒரு கூட்டம் வந்திருந்தது. பையனின் அப்பா தன் தென்னந்தோப்பு, அரைவை மில், புதிதாக வாங்கப் போகும் மோட்டார் என்று ஓயாமல் அளந்துகொண்டிருந்தார். நடுவில் கூட்ஸ் வந்தது. பெரியம்மா, "இருங்க, வாரேன்" என்று எழுந்து வெளியே போய்விட்டாள். விருந்தாளிகள் பணியாரத் தட்டோடு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வண்டி போனபின் திரும்பி வந்தவள், பையனின் அப்பாவைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்:

"கடைசியில போச்சே, அது வெத்து வண்டி கண்ணு. உள்ள ஒண்ணுமில்லாததுதான் அத்தனை சத்தம் போடும்."

அந்தச் சம்பந்தம் அதோடு சரி. பிறகு காங்கேயத்துப் பக்கம் ஒரு மாப்பிள்ளையைப் பிடித்தாள். அவர் வாயைத் திறந்து நான் பார்த்ததே இல்லை. கேட்டால் தலையாட்டுவார். சில சமயம் அதுவும் இல்லை. பெரியம்மாவுக்கு ஏகத் திருப்தி: "முழு லோடு" என்றாள். எனக்கென்னவோ அந்த வண்டியும் காலி என்றுதான் படுகிறது. சீல் உடைத்துப் பார்த்தவள் அவரைக் கட்டிக்கொண்ட அக்கா. அவளும் வாய் திறக்கவில்லை.

என்னையும் விட்டாளா? ஒரு நாள் காலேஜில் மனப்பாடம் செய்த இங்கிலீஷ் பாட்டை அவள் எதிரில் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக் காட்டினேன். கடைசி வரை கேட்டாள்.

"சத்தம் நல்லாத்தான் இருக்குது, கண்ணு. உள்ள ஏதாச்சும் ஏத்துனாங்களா, இல்ல வெறுமனே சாத்திச் சீல் வெச்சுட்டாங்களா?"

இத்தனை ரயில் பார்த்தவள் ரயிலில் ஏறினதில்லை. மேட்டுப்பாளையத்தில் ஒரு கல்யாணம். எல்லாரும் ரயிலில் கிளம்பினோம். ஸ்டேஷன் வரை வந்தாள். மூன்றாம் வகுப்புப் பெட்டியை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். உள்ளே குழந்தை அழுதது, ஒருவர் கோழியை மடியில் வைத்திருந்தார், இன்னொருவர் அதற்குள் தூங்கி அடுத்தவர் தோளில் சாய்ந்திருந்தார். பெரியம்மா நேராக ஸ்டேஷன் மாஸ்டரிடம் போனாள்.

"ஏனுங்க, கூட்ஸ் வண்டியில ஒரு ஓரமா உக்காந்து போலாமுங்களா?"

"அதுல மனுஷங்க போகக் கூடாதும்மா. சரக்கு மட்டும்தான்."

"இதுல மட்டும் என்னத்தை ஏத்தியிருக்கறீங்க? பொதியாட்டம்தான் அடைச்சிருக்கறீங்க. பொதின்னாலாச்சும் நனையாம, சிந்தாமக் கொண்டுபோய்ச் சேத்துவீங்க."

சொல்லிவிட்டுத் திரும்பி வீட்டுக்குப் போய் மாட்டு வண்டி கட்டச் சொன்னாள். தாலி கட்டி, பந்தி முடிந்து, வாழையிலைகளை வெளியே எறிந்துகொண்டிருக்கும்போது மேட்டுப்பாளையம் வந்து சேர்ந்தாள். "ரயிலு வெரசா வந்து என்ன பண்ணுனீங்க? சும்மாதானே உக்காந்திருந்தீங்க?" என்று எங்களைக் கேட்டாள்.

இந்த லட்சணத்தில் இருந்தவளின் தோட்டத்துக்குள்ளேயே ஒரு சித்திரை மாசம் கூட்ஸ் வண்டி வந்து விழுந்தது.

நான் லீவுக்கு வந்திருந்தேன். காலை வெயில் ஏறும் நேரம். மேற்கேயிருந்து வண்டி வந்தது. பெரியம்மா கிணற்று மேட்டில் எழுந்து நின்று வழக்கம்போல வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"கொப்பரை. கொப்பரை. இது கருவாடு. இதுவும் கொப்பரை. இது…"

அதற்குள் கொப்பரை கவிழ்ந்துவிட்டது.

என்ன ஆயிற்று என்று புரிவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. என்ஜினும் முன்பாதி வண்டியும் எதுவும் நடக்காத மாதிரி கொஞ்ச தூரம் போய் நின்றன. நடுவிலிருந்த வேகன்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, கரையை உடைத்துக்கொண்டு எங்கள் காட்டுக்குள் உருண்டன. கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு இறங்கினார். அவருக்கு அடி ஒன்றுமில்லை. கால்சட்டை முழுவதும் தேத்தண்ணி. ஒருவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. அதனால்தான் இதை இப்படிச் சிரித்துக்கொண்டு எழுத முடிகிறது.

தூசி அடங்கியதும் ஓடிப் போய்ப் பார்த்தேன். பிளந்து கிடந்த வேகன்களிலிருந்து கொப்பரை கொட்டவில்லை. ஓடு. வீட்டுக்குப் போடுகிற சீமை ஓடு, வேகன் வேகனாக, நொறுங்கிச் சிவப்புத் தூளாகக் கிடந்தது. கருவாடு என்று சொன்னதிலும் ஓடுதான்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. எத்தனை நாள் காத்திருந்தேன்! "பெரியம்மா, ஓடுங்க!" என்று கத்தினேன்.

அவள் நிதானமாக வந்தாள். ஒரு துண்டு ஓட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"கொப்பரை கெடைக்காம ஓட்டை ஏத்தியிருக்கறானுங்க" என்று சொல்லிக் கீழே போட்டாள். அவ்வளவுதான். தப்பு அனுப்பினவன் மேல்.

சாயங்காலத்துக்குள் போத்தனூரிலிருந்து பாரந்தூக்கி வண்டி வந்தது. கூடவே கேங் ஆட்கள், ஜாக்கி, மரக்கட்டைகள், தண்டவாளத் துண்டுகள், சமையல் அண்டா. மாரியம்மன் நோம்பிக்குக்கூட எங்கள் காட்டில் அவ்வளவு கூட்டம் கூடினதில்லை. முறுக்கு விற்றார்கள். ரோஸ் கலரில் ஒரு சர்பத்து விற்றார்கள். பாரந்தூக்கி ஒரு வேகனை ஆகாசத்தில் தூக்கினபோது ஜனங்கள் சாமியே புறப்பட்ட மாதிரி 'ஓ' என்றார்கள். வண்டி ஏன் கவிழ்ந்தது என்பதற்கு ஆளுக்கொரு காரணம். பெரியம்மாவின் தீர்ப்பு இது: "மெயிலைப் பார்த்து இவரும் வெரசாப் போவோணும்னு ஆசைப்பட்டுட்டாரு."

மறுநாள் பாதை சுத்தமாகிவிட்டது. பாரந்தூக்கி கிளம்பிவிட்டது. அதற்கு அப்புறம்தான் பெரியம்மாவின் தொல்லை தொடங்கிற்று.

ஒரே ஒரு வேகன், சீல்கூட உடையாமல், சறுக்கிக்கொண்டே வந்து எங்கள் கிணற்று வாரியில் குறுக்கே படுத்திருந்தது. வாரி என்றால் கிணற்று மேட்டிலிருந்து கீழே சரிந்து போகிற தடம். மாடுகள் அதில் இறங்கினால் சால் என்கிற பெரிய வாளி தண்ணீரோடு மேலே வரும். தண்ணீர் கொட்டியதும் மாடுகள் திரும்பாமல் அப்படியே பின்னாலேயே நடந்து மேடேறும். சால் மறுபடி கிணற்றுக்குள் இறங்கும். நாள் முழுக்க இதுதான். தடம் அடைபட்டால் கிணறு இருந்தும் இல்லாத மாதிரி. கிணற்றுக்குக் கீழே ராகி பால் பிடிக்கிற பருவத்தில் நின்றது. அந்த ராகிதான் பெரியம்மா வீட்டுக்கும், பழனி வீட்டுக்கும், பண்ணையத்தை நம்பின மற்ற வீடுகளுக்கும் வருஷத்துச் சோறு. இரண்டு மூன்று நாள் தண்ணீர் காட்டாவிட்டால் கதிர் பதராகிச் சாவியாகிவிடும்.

காவலுக்கு இருந்த கேங் மேஸ்திரி ஒரு ராவுத்தர், நல்ல மனுஷர். கையை விரித்தார்.

"பாதைக்கு இடைஞ்சல் இல்லீங்களே அம்மணி. இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து எழுதினாத்தான் எடுப்பாங்க. மாசம் ஒண்ணும் ஆகும், ரெண்டும் ஆகும்."

நான் சும்மா இருப்பேனா? ஸ்டேஷனுக்கு ஓடினேன். ஸ்டேஷன் மாஸ்டரிடம் என் இங்கிலீஷை எல்லாம் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தமிழில், "முடியாது தம்பி" என்றார்.

பெரியம்மா மேல்தோட்டத்துக் கவுண்டரிடம் போனாள். அவர் தோட்டம் எங்களுக்கு மேலே. அவர் கிணற்று வாய்க்காலைத் திருப்பிவிட்டால் தண்ணீர் தானாகவே எங்கள் ராகிக்கு ஓடிவரும்.

"ஏனுங்ணா, ரெண்டு பொழுது தண்ணி உட்டீங்கன்னா பயிரு பொழச்சுக்கும்."

"உடாம இருப்பனா அம்மணி? கெணத்துல தண்ணி இருந்தாத்தானே! அடிப்பாறைக்குப் போயிருச்சு. சாலு பாதாளம் வரைக்கும் எறங்கி அரைச்சாலு மோந்துட்டு வருது. எம் பயிருக்கே தொண்டை நனையல. மாடு வேணும்னா ஓட்டிக்கிட்டுப் போங்க, உங்களுக்கு இல்லாத மாடா?"

வேலியோரம் புதராக இருந்ததால் அவர் கிணற்றை எட்டிப் பார்க்கிற வழக்கம் யாருக்கும் இல்லை. அடுத்தவர் கிணற்றில் தண்ணீர் பார்ப்பது அடுத்தவர் அடுப்பில் சட்டியைத் திறந்து பார்ப்பது மாதிரி. பெரியம்மாவும் பார்க்கிறேன் என்று கேட்கவில்லை. மாட்டை மட்டும் ஓட்டிக்கொண்டு வந்தாள்.

"மாட்டை வெச்சு வேகனை இழுத்துப்போடலாம்" என்றாள்.

நான் குச்சியால் மண்ணில் கோடு கிழித்து, பாரம், சரிவு, உராய்வு என்று பௌதிக சாஸ்திரத்தின்படி விளக்க ஆரம்பித்தேன். "தள்ளி உக்காரு கண்ணு, மாடு மிதிச்சுப்போடும்" என்றாள்.

ராவுத்தரை வழிக்குக் கொண்டுவந்த விதம்தான் அழகு. முதலில் அவருக்கும் ஆட்களுக்கும் விருந்து. கோழியை அவரே அறுத்துக்கொண்டார். குழம்பு பெரியம்மா வைத்தாள். களி உருண்டை தலை அளவு. சாப்பிட்டு அவர் கண் செருகும்போது, "நகத்தச் சொல்லலீங்க ராவுத்தரே. சாஞ்சு கெடக்குது, பாக்கப் பாவமா இருக்குது. நிமித்தி மட்டும் உடுங்க" என்றாள். ஜாக்கி போட்டு நிமிர்த்தினார்கள். "மண்ணுல பொதையுதுங்களே, கம்பெனி சாமான் கெட்டுப்போகாதுங்களா?" என்றாள். தண்டவாளத் துண்டுகளைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்தார்கள். "அப்புறம் மாடு கட்டறதும் கட்டாததும் உங்க கண்ணுல பட்டாத்தானுங்க" என்றாள். ராவுத்தர் மரத்தடிக்குப் போய்த் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்தார்.

வண்டிமாடுகள் ஊரில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் பருத்தி ஏற்றிக்கொண்டு திருப்பூர்ச் சந்தைக்குப் போயிருந்தன. இருந்தவை கவலை மாடுகள்தான். எங்கள் ஜோடி, மேல்தோட்டத்து ஜோடி, இன்னும் இரண்டு தோட்டத்து ஜோடிகள். காங்கேயம் காளைகள், திமிலைப் பார்த்தாலே பயமாக இருக்கும். மேல்தோட்டத்து ஜோடியை மரியாதைக்காக முன்னால் பூட்டினார்கள். கவுண்டரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பெருமையோடு வந்து நின்றார்.

"ம்… ஓட்டு!" என்றாள் பெரியம்மா.

வடம் விறைத்தது. வேகன் முனகிற்று. பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன், உருண்டது! கூட்டம் கத்தினது. நானும் கத்தினேன், இங்கிலீஷில் கத்தினேன் என்று ஞாபகம். கொஞ்ச தூரம்தான் போயிருக்கும். முன்னால் போன மேல்தோட்டத்து ஜோடி டக்கென்று நின்றது. ஒரு பெருமூச்சு விட்டது. அப்படியே அமரிக்கையாகப் பின்னால் நடக்க ஆரம்பித்தது.

அதன் கணக்கில் சால் மேலே வந்து, தண்ணீர் கொட்டியாகிவிட்டது.

பின்னால் வந்த ஜோடிகளின் கணக்கு இன்னும் முடியவில்லை. அவை முன்னால் இழுத்துக்கொண்டிருந்தன. கொம்பும் வாலும் கயிறும் ஒன்றாகப் பின்னிக்கொண்டன. வடம் தளர்ந்ததும் வேகன், வந்த வழியே திரும்பி உருண்டது. ஆட்கள் எட்டுத் திக்கும் சிதறினார்கள். தூங்கிக்கொண்டிருந்த ராவுத்தர் எழுந்து எல்லாரையும் முந்திக்கொண்டு ஓடினார். வேகன் தண்டவாளத் துண்டிலிருந்து இறங்கி, முதலில் எங்கே கிடந்ததோ அங்கேயே போய், அதே பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொண்டது.

சத்தம் ஓய்ந்தது. பழனியின் குரல் கேட்டது.

"அம்மணீங்க, நம்ம மாடு இன்னும் அத்தனை தூரம் போவோணும்னு நிக்குது. இவிய மாடு இத்தினியூண்டு வந்ததும் திரும்புதே! அப்ப இவிய கெணத்துல தண்ணி கையில மோக்கற மாதிரியில்ல கெடக்கோணும்?"

அங்கே நின்றவர்கள் எல்லாரும் பிறந்ததிலிருந்து கவலை ஓட்டினவர்கள். யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் ஆழத்தில் இருந்தால் மாடு வெகுதூரம் இழுக்க வேண்டும். மேலேயே இருந்தால் நாலு எட்டில் வேலை முடிந்துவிடும். பழகின தூரத்துக்கு மேல் ஓர் அடி எடுத்துவைக்காது.

எல்லாத் தலைகளும் ஒரே சமயத்தில் கவுண்டர் பக்கம் திரும்பின.

"அ… அது… கல்லு குத்தியிருக்கும்" என்றார் அவர்.

"அப்ப இன்னொருக்கா ஓட்டிப் பாக்கலாமுங்களா மாமா?" என்று கூட்டத்தில் யாரோ ஒரு பொல்லாத பயல் கேட்டான். கேட்டுக்கொண்டே வடத்தை அவிழ்த்து, வேகன் இல்லாமலே அந்த ஜோடியை ஓட்டினான். மாடுகள் அதே தூரம் போயின. நின்றன. பெருமூச்சு. பின்நடை.

ஒரு கிழவர் சிரித்துச் சிரித்து இருமல் வந்து உட்கார்ந்துவிட்டார். "பாதாளம் ரொம்பக் கிட்டத்துல வந்துருச்சாட்ட இருக்குதுங்க!" என்றார் ஒருவர். கவுண்டர் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார், முகத்தைத் துடைத்தார், மறுபடி போட்டார், மறுபடி எடுத்தார். பெரியம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவர் கிட்டே போய்ப் பதவிசாகச் சொன்னாள்:

"நேத்து பேஞ்சுதுங்களாண்ணா ராத்திரி? ஊத்து சுரந்திருக்குமாட்ட இருக்குது. நீங்களும் பாத்திருக்கமாட்டீங்க."

சித்திரை மாசத்து வெயிலில் நின்றுகொண்டு அவர், "இருக்கும் அம்மணி, இருக்கும்" என்றார். "நாளைக்குக் காத்தால நம்ம ஆளை உட்டு வாய்க்காலைத் திருப்பிரச் சொல்றேன்."

மாடு காட்டிக்கொடுக்கும் என்று தெரிந்துதான் ஓட்டிக்கொண்டு வந்தாளா என்று அன்று சாப்பிடும்போது கேட்டேன். "பின்ன?" என்றாள். நான் நம்பவில்லை. வேகனை இழுக்க அவள் தன் மாட்டையும்தான் கட்டியிருந்தாள். தன் மாடு பின்னால் நடக்கும் என்பதே அவளுக்கு அந்த நிமிஷம் வரை நினைவில் இல்லை என்று சத்தியம் செய்வேன். ஆனால் இதை அவளிடம் சொல்லி என்ன பிரயோசனம்? ஓட்டைக் கொப்பரை என்றவள்.

மறுநாள் காலையில் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். மாசம் ஒன்றாகும் என்றார்களே, அவருக்கு எங்கள் மேல் என்ன கருணையோ. மெட்ராஸ்காரர். சோலா தொப்பி, பளபளவென்று பூட்ஸ். இரண்டு பக்கமும் ராகி நின்றதால் நடுவே காய்ந்து கிடந்த வாய்க்காலில் இறங்கி நடந்து வந்தார். அதிலேயே நின்றுகொண்டு வேகனைப் பார்த்தார். சுற்றிலும் இருந்த குளம்படிகளைப் பார்த்தார். தண்டவாளத் துண்டுகளைப் பார்த்தார்.

"இந்த வேகனை யாராவது நகர்த்தினார்களா?"

ராவுத்தர் வானத்தில் பருந்து தேட ஆரம்பித்தார். பெரியம்மா வரப்பில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நகத்தியிருந்தா இங்கயே கெடக்குமுங்களா சாமி?"

அவர் ஆத்திரத்தோடு பிரசங்கம் தொடங்கினார். கம்பெனியின் சொத்து என்றால் என்ன, அதைத் தொட்டால் என்ன சட்டம், எந்த ஜெயில், எத்தனை அபராதம். பெரியம்மா ஒவ்வொன்றுக்கும் "ஆமாங்க", "செரிங்க", "தப்புத்தானுங்க" என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். ஆனால் கண் அவர் முகத்தில் இல்லை. அவர் முதுகுக்குப் பின்னால், மேல்தோட்டத்துப் பக்கம் இருந்தது. நானும் பார்த்தேன். வாய்க்காலில் தண்ணீரின் முனை, சருகையும் எறும்பையும் முன்னால் தள்ளிக்கொண்டு, வெடிப்பு வெடிப்பாகக் குடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல வந்துகொண்டிருந்தது.

நான் அவரை எச்சரிக்க வாயெடுத்தேன். பெரியம்மா என் காலை மிதித்தாள்.

"மேற்கொண்டு சொல்லுங்க சாமி" என்றாள்.

அவர் சொன்னார். நிறையச் சொன்னார். பூட்ஸுக்குள் புகுந்து குளுகுளுவென்று ஆனபிறகுதான் குனிந்து பார்த்தார். தண்ணீர் அவரைச் சுற்றிக்கொண்டு முதல் பாத்தியில் ராகி வேருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"அங்கயே நில்லுங்க சாமி, ஒரு நிமிசம்" என்றாள் பெரியம்மா, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு. "நீங்க நிக்கறதாலதான் தண்ணி இந்தப் பக்கம் நல்லாத் திரும்புது."